ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன ஒரு வரி

டிசம்பர் 22 வந்துவிட்டால் பத்திரிகைகளிலும் வாட்ஸ்அப்பிலும் 1729 வந்துவிடும். ஹார்டி ஏறி வந்த டாக்ஸி, அதன் நம்பர், நோயில் படுத்திருந்த ராமானுஜன் சட்டென்று சொன்ன பதில் என்று எல்லோருக்கும் தெரிந்த கதை. நல்ல கதைதான். ஆனால் வருஷா வருஷம் அதையே படித்துப் படித்து, ராமானுஜன் என்றால் ஏதோ மந்திரம் போட்டு எண்களைப் பேச வைத்தவர் என்ற நினைப்பு நமக்கு வந்துவிட்டது. அவரும் ஒரு கணக்கர் வேலை பார்த்தவர், வரி வரியாகப் பட்டியல் போட்டவர் என்பது மறந்துபோகிறது.

இன்று வேறு ஓர் எண்ணைப் பற்றி எழுதுகிறேன். 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. சேர்த்து எழுதினால் 293318625600. ராமானுஜன் எழுதியிருக்க வேண்டிய இடத்தில் எழுதாமல் விட்ட எண் இது. இதை எனக்குக் காட்டிக்கொடுத்த நண்பருக்கு நன்றி. இதைக் கேட்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் கணிதம் படித்தவன் இல்லை. பெரணமல்லூரில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன். அந்தக் கால எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, நெசவாளர் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதி, அங்கேயே ஓய்வு பெற்றேன். எனக்குத் தெரிந்த கணிதம் எல்லாம் கூட்டல், கழித்தல், பங்கு போடுதல். அதனால் பங்கு போடுவதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இந்த எண்ணின் விஷயமும் அதுதான்.

எங்கள் வீட்டில் அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் சேர்ந்து தொழில் செய்தார்கள். பாவு தோய்ப்பது, பிணைப்பது, நெய்வது எல்லாம் கூட்டுத்தான். ஆரணிக்குப் போய்ச் சேலையைக் கொடுத்துக் கூலி வாங்கி வந்தால், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஆயா முன்னால் உட்கார்ந்து மூன்று பங்கு போடுவார்கள். 40 ரூபாய் வந்தால் ஆளுக்கு 13 ரூபாய் 5 அணா 4 தம்படி. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 தம்படி. ஆகவே ரூபாய்க்கு 192 தம்படி. 192ஐ மூன்றால் வகுத்தால் 64, மீதி கிடையாது. தம்படிக் காசு அப்போது கையில் அவ்வளவாகப் புழங்கவில்லை. ஆனாலும் கணக்கில் நின்றது, கணக்கு தீர்ந்தது.

1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயா பைசா வந்தது. எனக்கு அப்போது பத்து வயது. ரூபாய்க்கு 100 பைசா என்றதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எங்கள் வீட்டில் அன்றிலிருந்து ஒரு தொல்லை. 40 ரூபாயை மூன்றாகப் பிரித்தால் 13 ரூபாய் 33 பைசா, மீதி ஒரு பைசா. யாருக்கு அந்த ஒரு பைசா? அண்ணன் தம்பிகளுக்குள் அதற்காகச் சண்டை வரவில்லை. ஆனால் மூன்று பேரும் அந்தக் காசைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆயாதான் அதை எடுத்து மாடத்து உண்டியலில் போட்டார்கள். அதன் பிறகு மீதி விழுந்த பைசா எல்லாம் சாமிக்குப் போனது.

இது ஏன் என்று பல வருஷம் கழித்துத்தான் யோசித்தேன். 100 என்ற எண்ணை மீதியில்லாமல் வகுக்கிற எண்கள் 1, 2, 4, 5, 10, 20, 25, 50, 100 என்று ஒன்பதுதான். 192ஐ வகுக்கிற எண்கள் பதினான்கு. இவற்றைத்தான் பள்ளிக்கூடத்தில் காரணிகள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். காரணி அதிகம் இருந்தால் பங்கு போடச் சுலபம். ரூபாய் அதே ரூபாய்தான். அதை எத்தனை விதமாக உடைக்க முடியும் என்பதுதான் குறைந்துவிட்டது.

நம் பெரியவர்கள் இதை அறிந்துதான் வைத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு 60 நாழிகை. 60ஐ 2, 3, 4, 5, 6 எல்லாம் வகுக்கும். மாகாணி வாய்ப்பாடு படித்தவர்களுக்கு முந்திரி தெரிந்திருக்கும். அது 320இல் ஒரு பங்கு. காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று, மாகாணி 16இல் ஒன்று. எல்லாம் 320க்குள் அடங்கும். 320க்கும் பதினான்கு காரணிகள்தான். தம்படிக் கணக்கில் மூன்று உண்டு, ஐந்து இல்லை. முந்திரிக் கணக்கில் ஐந்து உண்டு, மூன்று இல்லை. ஆகவே முந்திரியை வைத்துக்கொண்டும் எங்கள் வீட்டு மூன்று பங்கு தீர்ந்திருக்காது!

கிரேக்க நாட்டுப் பிளேட்டோ, ஒரு நல்ல நகரத்தில் 5040 குடிகள் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார். 5040க்கு 60 காரணிகள். 1 முதல் 10 வரை எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடும். நிலம் பிரிக்கவும், வரி பிரிக்கவும், காவலுக்கு ஆள் பிரிக்கவும் தோது என்பது அவர் கணக்கு. இந்த 5040ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் வரும்.

இனி ராமானுஜனுக்கு வருவோம். அவருக்கும் நமக்கும் ஓர் ஒட்டு உண்டு. அவர் பிறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில். வளர்ந்தது கும்பகோணத்தில். அப்பா சீனிவாச ஐயங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கர். பட்டும் சேலையும் போய் வருகிற கடையில் வரவு செலவு எழுதிய மனிதரின் பிள்ளை. சில வருஷங்களுக்கு முன் சாரங்கபாணி சன்னதித் தெருவில் அந்த வீட்டைப் போய்ப் பார்த்தேன். ஒட்டு வீடு, தெருவைப் பார்த்த ஜன்னல், திண்ணை. நம் பக்கத்துத் தறி வீடு ஒன்றில் தறியை எடுத்துவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி.

எஃப்.ஏ. பரீட்சையில் தவறி, பல இடங்களில் வேலை தேடி, 1912 மார்ச் 1ஆம் தேதி சென்னைத் துறைமுக அலுவலகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய் சம்பளம். அங்கே தலைமைக் கணக்கராக இருந்தவர் நாராயண ஐயர். அவரும் கணிதம் தெரிந்தவர். சாயங்காலம் ஆனால் இரண்டு பேரும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்களாம். கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு நாராயண ஐயர் மேல் தனி மரியாதை. தன் கீழ் வேலை பார்க்கிற பையன் தன்னைவிடப் பெரியவன் என்று தெரிந்து, அதைச் சந்தோஷமாக ஊருக்குச் சொன்ன மேலதிகாரி எத்தனை பேர்?

1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம். 1914 மார்ச்சில் கப்பல். அந்த ஆகஸ்டிலேயே முதல் உலகப் போர் வந்துவிட்டது. கேம்பிரிட்ஜில் பாதிப் பேர் போருக்குப் போய்விட்டார்கள். குளிர், சைவச் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு. இதற்கு நடுவில் உட்கார்ந்து அவர் எழுதிய பெரிய கட்டுரை 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது. அறுபது பக்கத்துக்கு மேல். அதன் விஷயம், நம் ஆயா வீட்டு விஷயம்தான்: எந்த எண்ணை அதிக விதமாகப் பங்கு போட முடியும்?

அவர் வைத்த விதி இது. ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணைக் காட்டிலும் அதற்குக் காரணிகள் அதிகமாக இருந்தால், அதைப் பட்டியலில் சேர். தமிழில் உயர் பகு எண் என்று சொல்லலாம். 12க்கு 6 காரணிகள். 12க்குக் கீழே எதற்கும் ஆறு இல்லை. ஆகவே 12 உள்ளே. 18க்கும் ஆறுதான். ஆகவே 18 வெளியே. 24க்கு எட்டு, உள்ளே. பிறகு 36, 48, 60, 120, 180, 240, 360, 720 என்று போகிறது. நம் 192 பட்டியலில் இல்லை. அதைவிடச் சின்னதான 180க்கே 18 காரணிகள் இருக்கின்றன. வெள்ளைக்காரன் ரூபாயை 180 தம்படியாக வைத்திருந்தால் பங்கு இன்னும் நன்றாகப் பிரிந்திருக்கும்.

எண் பெரிதாகப் பெரிதாக ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க முடியாது. அதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. எண்ணைப் பகா எண்களாக உடைக்க வேண்டும். 12 என்பது 2×2×3. இரண்டு இரண்டு தடவை, மூன்று ஒரு தடவை. ஒவ்வொரு தடவையோடும் ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 3×2=6. காரணிகள் ஆறு. 18 என்பது 2×3×3. அதற்கும் 2×3=6. எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் மூன்றை இரண்டு தடவை போட்டதால் எண் வீணாகப் பெரிதாகிவிட்டது. ஆகவே பட்டியலில் இடம் பிடிக்கும் எண்ணில் 2 அதிகத் தடவை வரும். 3 அதற்குச் சமமாகவோ குறைவாகவோ வரும். 5 அதற்கும் மேல் போகாது. குளத்துப் படிக்கட்டு மாதிரி இறங்கிக்கொண்டே வரும். கடைசியாக வருகிற பகா எண் ஒரே ஒரு தடவைதான் வரும், 4, 36 என்ற இரண்டு எண்கள் மட்டும் விதிவிலக்கு என்று ராமானுஜன் நிரூபித்தார்.

இந்தக் கட்டுரையில் அவர் ஒரு பட்டியல் கொடுத்தார். 102 எண்கள். கடைசி எண் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. அதாவது 6746328388800. அதற்குக் காரணிகள் 10080. 1 முதல் 28 வரை எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடும். 29 பேர் வந்தால்தான் சண்டை வரும்! கம்ப்யூட்டர் கிடையாது, கால்குலேட்டர் கிடையாது. கையால் போட்ட பட்டியல்.

இந்தக் கட்டுரைக்காகத்தான் 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது. நம் ஊரில் எஃப்.ஏ. தேறாதவருக்கு அங்கே பட்டம். ஆனால் எழுதியது முழுவதும் அச்சாகவில்லை. போர்க்காலம், கழகத்திடம் பணம் இல்லை, ஒரு பகுதியை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அந்தப் பகுதி கையெழுத்துப் பிரதியாகவே கிடந்து, 1997இல்தான் இரண்டு பிரெஞ்சுக் கணித அறிஞர்களின் குறிப்புகளோடு அச்சுக்கு வந்தது. அதற்குள் ராமானுஜன் காலமாகி 77 வருஷம் ஆகிவிட்டது.

ஆரணியில் எனக்கு ஒரு நண்பர். கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் வீட்டுக்குப் போனபோது இந்தப் பட்டியலின் ஜெராக்ஸைக் கையில் கொடுத்தார்.

"சார், நீங்க கணக்கு எழுதினவர். இதுல ஒரு தப்பு இருக்கு. கண்டுபிடிங்க பார்க்கலாம்" என்றார்.

விடுவேனா? வீட்டுக்கு வந்து மூன்று நாள் உட்கார்ந்தேன். ஒவ்வொரு எண்ணையும் பகா எண்களாக உடைத்து, திரும்பப் பெருக்கிப் பார்த்தேன். எண் சரியாக இருந்தது. ஒன்று கூட்டிப் பெருக்கிப் பார்த்தேன். காரணிகளின் எண்ணிக்கையும் சரியாக இருந்தது. என் கடைக் கால்குலேட்டரில் 12 இலக்கம்தான் ஏறும். கடைசிச் சில வரிகளுக்கு அதுவும் உதவவில்லை. பேனாவும் பேப்பரும்தான். மேலிருந்து கீழே எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதா என்றும் பார்த்தேன். போகிறது. மனைவி, "இந்த வயசுல யாருக்குப் பரீட்சை?" என்று கேட்டுவிட்டுக் காபி வைத்துவிட்டுப் போனாள். மூன்றாம் நாள் சாயங்காலம் நண்பருக்குப் போன் போட்டேன்.

"சார், எல்லா வரியும் டாலி ஆகுது. தப்பே இல்லை."

அவர் சிரித்தார். "இருக்கிறதை எல்லாம் சரிபார்த்துட்டீங்க. இல்லாததைப் பார்த்தீங்களா?"

பட்டியலில் ஓர் இடத்தில் 195545750400 என்று ஒரு வரி. அதற்கு 4608 காரணிகள். அடுத்த வரி 321253732800. அதற்கு 5376 காரணிகள். இரண்டும் சரி. ஆனால் இவை இரண்டுக்கும் நடுவில் ஒன்று வந்திருக்க வேண்டும். அதுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன 293318625600.

உடைத்துப் பாருங்கள். 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5 இரண்டு தடவை, 7 இரண்டு தடவை, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை. படிக்கட்டு ஒழுங்காக இறங்குகிறது. ஒன்று கூட்டிப் பெருக்கினால் 7×5×3×3×2×2×2×2. விடை 5040. பிளேட்டோவின் அதே 5040! 4608ஐ விட அதிகம், ஆகவே பட்டியலில் இடம் உண்டு. 1 முதல் 22 வரை எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடும். எந்தக் குறையும் இல்லாத எண், எழுதும்போது விட்டுப்போய்விட்டது.

"சார், இன்னொண்ணு. பட்டியலோட கடைசி எண்ணை 23ஆல வகுத்துப் பாருங்க" என்றார் நண்பர்.

6746328388800ஐ 23ஆல் வகுத்தேன். நீள வகுத்தல், அரைப் பக்கம் வந்தது. விடையைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். 293318625600. விட்டுப்போன எண், மீதியில்லாமல். அதோடு 23ஐ ஒரு தடவை பெருக்கியதுதான் பட்டியலின் கடைசி வரி. விட்ட எண் வேறெங்கும் போகவில்லை. கடைசி வரிக்குள்ளேயே முழுசாக உட்கார்ந்திருந்தது.

தூக்கம் வராததற்குக் காரணம் சொல்கிறேன் என்றேன் அல்லவா? இதுதான்.

1974 பொங்கலுக்கு முந்திய வாரம். நான் சங்கத்தில் சேர்ந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. பண்டிகை நேரம், ஒரே கூட்டம். என்னைவிட இருபது வயது பெரிய தறிக்காரர் ஒருவர், தன் சேலையைச் சின்னப் பையனிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். பாஸ் புத்தகத்தைக் கொடுத்தனுப்ப மறந்துவிட்டார். நான் சேலையை எடை போட்டு வாங்கி, ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு, "நாளைக்கு ஏத்திடறேன்னு அப்பா கிட்ட சொல்லு" என்று பையனை அனுப்பிவிட்டேன். சேலை பீரோவுக்குப் போனது. சீட்டு எங்கே போனது என்று தெரியவில்லை. நான் ஏற்றவும் இல்லை. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. குடும்பம் இங்கேதான் இருக்கிறது.

பொங்கல் கழித்து அவர் வந்தார்.

"தம்பி, என் சேலை ஒண்ணு கூலி வரலையே."

நான் கூலிப் புத்தகத்தைப் புரட்டினேன். இல்லை. இருப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். அங்கும் இல்லை. நாள் புத்தகத்தைப் பார்த்தேன். மாதக் கடைசியில் கூட்டிய கூட்டல் எல்லாம் பைசா பிசகாமல் டாலி ஆகியிருந்தது. எனக்கு அதில் ஒரு கர்வம். "புக்குல இல்லையேண்ணே. மூணு புக்குலயும் இல்லை. வேற மாசத்துச் சேலையைச் சொல்றீங்களோ?" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் நின்றார். பையனைக் கூட்டி வந்து கேட்டார். பையன் என்னைப் பார்த்து, "இவர் கிட்டதாம்பா கொடுத்தேன்" என்றான். நான் முறைத்தேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவர் சத்தம் போடவில்லை. "புக்கு சொன்னா சரிதான் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கணக்கு எழுதியவர்களுக்குத் தெரியும். தப்பாக எழுதினால் எங்காவது இடிக்கும். 56ஐ 65 என்று எழுதினால் கூட்டல் நிற்காது, ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார வைக்கும். ஆனால் எழுதாமலே விட்டால்? வரவிலும் இல்லை, செலவிலும் இல்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குறையும். கணக்கு அழகாக டாலி ஆகும். விட்டுப்போன வரி சத்தமே போடாது. ராமானுஜன் பட்டியலிலும் அதுதான் நடந்தது. 4608க்கு அப்புறம் 5376. ஏறிக்கொண்டுதான் போகிறது. பார்க்கிறவன் கண்ணுக்கு ஒன்றும் இடிக்காது.

மார்ச் 31 இருப்பு எடுப்பு. பீரோவிலிருந்து சேலைகளை எல்லாம் வெளியே எடுத்து ஒவ்வொன்றாக எண்ணினோம். புத்தகத்தில் இருப்பதைவிட ஒரு சேலை அதிகம். குறைந்தால்தான் பயம், அதிகம் என்றால் எல்லோருக்கும் சிரிப்பு. எனக்கு மட்டும் அடிவயிறு கலங்கியது. அரக்கு உடல், பச்சைக் கரை. அந்தச் சின்னப் பையன் துணியில் சுற்றிக் கொண்டுவந்த சேலை. மூன்று மாதமாக எங்கள் பீரோவிலேயே இருந்திருக்கிறது.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். நூறு ரூபாய்க்கு உள்பட்ட தொகைதான். கையில் கொடுத்து, "என் தப்புண்ணே" என்றேன். அவர் வாங்கி எண்ணாமல் மாடத்தில் வைத்தார். அவர் மனைவிதான் சொன்னார்கள். "பெரிய பொண்ணுக்கு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைப் பணம் கட்ட வெச்சிருந்த கூலிப்பா அது. கட்ட முடியலை. பொண்ணு இந்த வருஷம் எழுதலை." அந்தப் பெண் உள்ளே ராட்டையில் ஊடைக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றுகிற சத்தம் நிற்கவில்லை.

அடுத்த வருஷம் அவள் எழுதித் தேறிவிட்டாள். ஆனால் ஒரு வருஷம் போனது போனதுதான். அதை நான் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம் வரவு வைக்க முடியும்? அந்தப் பையனை முறைத்தேனே, அதையும்?

ராமானுஜனோடு என்னை ஒப்பிடுவதாக நினைக்க வேண்டாம். அவர் விட்ட வரியால் ஒருவருக்கும் ஒரு பைசா நஷ்டம் இல்லை. அவர் நிரூபித்த எதுவும் அதனால் பொய்யாகவில்லை. இன்றைக்கும் உயர் பகு எண் என்றால் அவருடைய கட்டுரையில்தான் ஆரம்பிக்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. அவ்வளவு பெரிய மூளைக்கே, கையால் போட்ட நூற்றுச் சொச்சம் வரிகளில் ஒன்று விட்டுப்போகும். அப்படி இருக்க, டாலி ஆன புத்தகத்தைக் காட்டி, நேரில் வந்து நிற்கிற மனிதனைப் பார்த்து "இல்லை" என்று சொல்ல நான் யார்?

அந்த மார்ச் மாதத்துக்குப் பிறகு நான் வேலை பார்த்த வரையில் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். யாராவது வந்து "என் கணக்கு ஒண்ணு விட்டுப்போச்சு" என்றால் முதலில் புத்தகத்தைத் திறக்கமாட்டேன். பீரோவைத் திறப்பேன். சேலையை எண்ணிவிட்டுத்தான் புத்தகம். பாதி தடவை வந்தவர்கள் சொன்னது தப்பாகத்தான் இருக்கும். பரவாயில்லை. எண்ணிப் பார்க்க அரை மணி நேரம், அவ்வளவுதான்.

இப்போது கூலி, பென்ஷன், ரேஷன் எல்லாம் கம்ப்யூட்டரில். கவுண்டரில் போய் நின்றால் "சிஸ்டத்துல இல்லை பெரியவரே" என்கிறார்கள். சொல்கிற பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அந்த வயதில் நானும் அதைத்தான் சொன்னேன். ஆனால் "இருப்பை எண்ணிப் பார்த்தீங்களா தம்பி?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் நகர்கிறேன்.

நண்பர் கொடுத்த ஜெராக்ஸ் என்னிடம்தான் இருக்கிறது. 195545750400க்கும் 321253732800க்கும் நடுவில், ஓரத்தில், பென்சிலால் 293318625600 என்று எழுதி, பக்கத்தில் 5040 என்று போட்டிருக்கிறேன். விட்டுப்போனதைக் கண்டுபிடித்தால் நாள் பார்க்காமல் ஏற்றிவிட வேண்டும் என்பது எங்கள் தொழில் வழக்கம்.